கழுவிக் கொடுத்த பாத்திரங்கள்

“நண்டுல இன்னாமே கீது? வெறும் ஓடு. ஓட்டத் துன்னா உடம்புல ஒட்டுமா?”

“நண்டு ஒட்டாது அத்தை. நீங்க அரைச்சு ஊத்திக்கீற தேங்கா ஒட்டும்.”

“யாரு சொன்னது?”

“ஆஸ்பத்திரில சீட்டு குடுத்துக்கீறாங்க.”

“அந்தச் சீட்ட எழுதுனவ ஒரு புள்ளையாவது பெத்துக்கீறாளான்னு கேளு மொதல்ல. உள்ள இருந்து ஒரு உருப்படிய எடுக்கப் போறாங்க கண்ணு. ரத்தம் ஊற வேணா? எடுத்த எடம் சும்மா காத்து வாங்கிக்கினா இருக்கும்?”

சிலுவையம்மாள் வாசற்படியை விட்டு அசையவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடியை அரை அங்குலம் மட்டும் தூக்கினாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. மிளகும் பூண்டும் கடலும் கலந்த ஆவி ஜூடியின் மூக்கு வழியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. வாய் ஊறியது. ஜூடி அதை விழுங்கினாள்.

“குடுங்க அத்தை,” என்றாள்.

அத்தை என்று கூப்பிட்டாலும் உறவு ஒன்றும் கிடையாது. மூன்று வீடு தள்ளி இருக்கும் மனுஷி, அவ்வளவுதான். ஆனால் ராயபுரத்தில் அந்தத் தெருவுக்கே இப்போது ஜூடி உறவாகிவிட்டிருந்தாள். தம்பி ஜெரிக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கப்போகிறவள் அவள்.

ஜெரிக்கு முப்பத்தொரு வயது. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் படகில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறான். அம்மா ஞானபாக்கியத்துக்குச் சர்க்கரை. அவளுடையதை எடுக்க முடியாது. அப்பா இல்லை. ஜூடியின் ரத்தமும் இன்னும் என்னென்னவோவும் பொருந்தின. பொருந்தாதது எடை ஒன்றுதான். ஐந்தடி உயரத்துக்கு எழுபத்தொன்பதரை கிலோ இருந்தாள். எழுபதுக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அது ஜூன் மாதத்தில். இப்போது அக்டோபர், எழுபத்திரண்டு எண்ணூறு. இன்னும் பதினேழு நாளில் கடைசி எடை பார்க்க வேண்டும். அன்றைக்குத் தவறினால், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி அடுத்துக் கூடுவது தை பிறந்த பிறகுதான். அதுவரை ஜெரியின் கையிலிருக்கும் ஊசி போடும் நரம்பு தாங்குமா என்று டாக்டரே தலையை ஆட்டி ஆட்டித்தான் சொன்னார். ஏற்கெனவே ஒரு தடவை அடைத்துக்கொண்ட நரம்பு அது.

இதெல்லாம் தெருவுக்குத் தெரிந்தது செப்டம்பரில். ஞானபாக்கியம் கோயிலில் எழுதிக் கொடுத்ததால், ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டு ஜெபத்தில், ‘தன் சகோதரனுக்காகத் தன் உடலின் ஒரு பகுதியை அளிக்க முன்வந்திருக்கும் ஜூடிக்காக’ என்று வாசித்தார்கள். மறுநாள் காலையிலேயே ஆட்டுக்கால் பாயா வந்துவிட்டது. அடுத்து இறால் தொக்கு. பிறகு ஒரு வீட்டிலிருந்து ஈரல், இன்னொரு வீட்டிலிருந்து நெய் மணக்க ஏதோ லேகியம். தெரு முழுக்க ஜூடிக்கு ரத்தம் ஊற வைப்பதில் முனைந்திருந்தது. எழுபது கிலோ கணக்கை அவள் யாரிடம் சொன்னாலும், பாவம், கொடுக்கப் போகிறவள் எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார்கள்.

இதில் பாத்திரங்கள் வேறு. அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியாவது, ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஞானபாக்கியம் கௌரவக்காரி. அரிசி போட்டால் அற்பமாக இருக்கும் என்று கேசரி கிண்டிப் போட்டுக் கொடுத்தாள், ரவா உருண்டை பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். கேசரி வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? தூக்கு மறுபடி நிரம்பி வந்தது. வந்ததை ஜெரி தொடக் கூடாது. உப்பும் தேங்காயும் அவனுக்கு ஆகாது. ஞானபாக்கியத்துக்கும் பாதி ஆகாது. ஜூடியின் புருஷன் ரெஜி கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவன் ஏதோ ஒரு சமுத்திரத்தில் இருந்தான். ஆக, வீட்டிலிருந்த மூன்று பேரில் யாரும் தின்னக் கூடாத சாப்பாடு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஜூடி தின்றாள். தட்டில் போட்டுத் தின்னவில்லை. அடுப்பங்கரையில் நின்றபடி, தூக்குக்குள்ளேயே கரண்டியை விட்டு, ஒரே ஒரு வாய். நின்றுகொண்டு தின்பது கணக்கில் வராது என்று அவளுக்குள் ஒரு சட்டம் எப்படியோ ஏற்பட்டிருந்தது.

*

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் அவளுக்கு வேலை. லாரி வந்து நின்றதும் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கணினியில் பதிய வேண்டும். நான்கு எழுத்து, ஏழு எண். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. இப்போது அதைத்தான் யோசித்தாள். நீலப் பெட்டிக்குள் நாற்பதடி நீளத்துக்கு முந்திரிப்பருப்பு. சிவப்புக்குள் பாமாயில், பாமாயிலுக்குள் மிதக்கும் பஜ்ஜிகள். குளிர்சாதனப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டே வந்தால் அதற்குள் இறால்கள் விறைத்துப்போய் மீசையோடு மீசை உரசிப் படுத்திருப்பது தெரிந்தது. வெயிலில் புழுதி எழும்பும்போது அதுகூட வறுத்த மாவு மாதிரிதான் இருந்தது. ஒருநாள் எண்ணைத் தப்பாகப் பதிந்து ஒரு லாரியை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டாள். ஓட்டுநர் இறங்கி வந்து எட்டிப்பார்த்து, “இன்னாக்கா, நாஷ்டா துன்னலியா?” என்று கேட்டான். அவளுக்கு அழுகை வந்தது. நாஷ்டா என்ற சொல்லே அவ்வளவு மெத்தென்று, அவ்வளவு சூடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உறுப்பு கொடுப்பவர்களைக் கவனித்துக்கொள்வதற்கென்று ஒரு அம்மாள் இருந்தாள். ராமசெல்வி என்று பெயர், தெற்கத்திப் பேச்சு. சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். “பசி வேற, ஆசை வேற, பாத்துக்கிடுங்க,” என்று சொல்லியிருந்தாள். “வயிறு கேட்டா உடனே போடாதீங்க. பத்து நிமிஷம் பொறுங்க. பசின்னா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிடும். ஆசைன்னா ஒரே பேரச் சொல்லிக்கிட்டே கெடக்கும்.”

ஜூடி கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் பொறுத்தாள். தினமும் நாலைந்து தடவை. உள்ளே இருந்தது வெள்ளரிக்காயையும் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டே அத்தோ, அத்தோ என்றும் சொன்னது. அத்தோ என்றால் பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில் கிடைக்கும் பர்மா நூடுல்ஸ், புளித்தண்ணியும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். சின்ன வயதில் அவளும் ஜெரியும் ஒரு தட்டு வாங்கி இரண்டு பேராகத் தின்பார்கள். அப்படியானால் இது பசியா, ஆசையா? இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன செய்வது என்று சீட்டில் இல்லை.

இன்னொரு யோசனையும் அதில் இருந்தது: பசித்தால் முதலில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்கவும். யார்டில் அது சுலபம். வீட்டில் முடியாது. ஜெரிக்கு நாள் முழுக்க முக்கால் லிட்டர்தான், டீ, ரசம் எல்லாம் சேர்த்து. கோடு போட்ட பாட்டில் ஒன்றில் அளந்து வைத்து, மாத்திரைக்கு ஒரு மடக்கு, மதியத்துக்கு இரண்டு மடக்கு என்று குடிப்பவன் முன்னால் எப்படி அண்ணாந்து குடிப்பது? அவள் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சொம்பில் குடித்தாள். தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்காமலிருக்கப் பக்கெட்டில் தண்ணீர் விழ வேண்டியிருந்தது.

“யக்கா,” என்று வெளியிலிருந்து ஜெரியின் குரல் கேட்டது. “உள்ள குளிக்கறியா, குடிக்கறியா?”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஜெரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ஒரு ஐஸ் கட்டி உப்பியிருந்தது. மாலை நாலு மணிக்கு ஒன்று, அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பரிசு.

“எப்டிடா தெரியும்?”

“ஒரு வாரமா தெரியும். குளிச்சிட்டு வர்றவ தலை காஞ்சிக்கினு வருவாளா? குடி, என் எதிர்லயே குடி. நான் இன்னா உன் வாயில கைய வுட்டு எடுத்துக்கப் போறனா?”

“உன் மூஞ்சப் பாத்துக்கினு எறங்காது.”

“நான் தண்ணிக்கு அலையறேன், நீ சோத்துக்கு அலையற. நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா தைச்சா ஒரு ஆளாவது ஒழுங்கா பொழைப்பான்.”

அவன் சிரித்தபோது ஐஸ் கட்டி பல்லில் இடித்துக் கடக்கென்றது. ஜூடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, சிலுவையம்மாளின் தூக்கு அடுப்புமேடையில் எந்த மூலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் ஏழு தூக்குகள் சேர்ந்திருந்தன. அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் ஏழையும் புளி போட்டுத் தேய்த்தாள். கழுவித் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கி, பெரிய ஒயர் கூடையில் அடுக்கிக்கொண்டாள். ஒன்றுக்குள்ளும் ஒன்றும் போடவில்லை. போட்டால்தானே திரும்பி வரும்?

வேலைக்குப் போகிற வழியில் வீடு வீடாகக் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி நடந்தது. வாங்கியதும் பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்தார்கள். உள்ளே பார்த்தார்கள். பிறகு ஜூடியைப் பார்த்தார்கள். சிலுவையம்மாள் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். தூக்கைச் சாய்த்துக்கூடப் பார்த்தாள், அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதுபோல.

“சரி கண்ணு,” என்றாள்.

அன்றைக்கு எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமை மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தாள்: எழுபத்தொன்று தொள்ளாயிரம். இவ்வளவு எளிதான காரியத்தை ஒரு மாதமாகச் செய்யாமல் இருந்தோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானபாக்கியம் வீட்டுக்குள் வந்தாள். தலையில் போட்ட முக்காட்டை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

“மன்றாட்டுல உன் பேரு வர்ல,” என்றாள்.

“மறந்துருப்பாங்கம்மா.”

“அஞ்சு வாரமா மறக்காதவங்க இன்னிக்கு மறந்தாங்களா? வாசிக்கற புள்ளையாண்ட போய்க் கேட்டேன். ஆன்ட்டி, அக்கா வேணான்னு சொல்ட்டாங்களாமே, இனிமேட்டு பேரப் படிச்சா அவங்களுக்கு சங்கடமா இருக்கும்னு எடுத்துட்டோம்னு சொல்லுது.”

“நான் எப்பம்மா வேணான்னு சொன்னேன்?”

“தூக்கக் கழுவி காலியா குடுத்துக்கீற. ஏழு வூட்டுக்கு. அதுக்கு இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாதா?”

ஜூடிக்குத் தெரியும். அதுதான் வினோதம். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தை ஒரு தூக்கில் கொண்டுவருவார்கள். சம்பந்தம் பிடித்தால் பெண் வீட்டார் அந்தத் தூக்கில் இனிப்பைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் கழுவி, காயவைத்து, வெறுமையாகக் கொடுத்துவிடுவார்கள். யாரும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லிச் சங்கடப்பட வேண்டியதில்லை. ரெஜி வருவதற்கு முன்னால் காசிமேட்டிலிருந்து வந்த ஒரு வரனுக்கு இதே வீட்டிலிருந்து அப்படித்தான் போயிற்று. அந்தத் தூக்கைத் தேய்த்தவளே ஜூடிதான். இருபத்திரண்டு வயதில் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே பாட்டுப் பாடினாள்.

அப்படியிருக்க, வியாழக்கிழமை காலை அது எப்படி ஞாபகத்துக்கு வராமல் போயிற்று? வராமல் போயிற்றா, வந்தும் பேசாமல் இருந்ததா? பசியில் மூளை வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஏழு தூக்குகளையும் யார் யாருடையது என்று பிசகாமல் கொண்டுபோய்க் கொடுத்த மூளைதானே அது.

“நெஜமாடி?” என்றாள் ஞானபாக்கியம். குரல் இறங்கிவிட்டிருந்தது. “மனசு மாறிட்டியா?”

இல்லை என்று சொல்ல வேண்டும். ஜூடி வாயைத் திறந்தாள்.

“பசிக்குதும்மா,” என்றாள்.

ஞானபாக்கியம் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், அரைக் கப் சோற்றை அளந்து தட்டில் போட்டாள்.

*

சாயங்காலங்களில் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும் என்பதும் சீட்டில் இருந்தது. கடலோரச் சாலையில் கொட்டிவைத்த பாறைகளை ஒட்டி அவள் நடப்பாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஜெரியும் கூட வருவான். அவனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்கும். பாறையில் உட்கார்ந்துகொண்டு, அவள் தாண்டிப் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு மூன்றாவது சுற்றில், “யக்கா, ஒக்காரு,” என்றான்.

தூரத்தில் கப்பல்கள் உள்ளே வர முறை பார்த்து நின்றுகொண்டிருந்தன. எந்தெந்தக் கப்பலுக்குக் கயிறு எப்படி எறிவது என்று ஜெரிக்குத் தெரியும். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வேணான்னா வேணான்னு சொல்லிடு. மெஷின்ல ஓடிக்கினுதான கீது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.”

“நான் வேணான்னு சொன்னனாடா?”

“சொல்லல.”

“அப்பறம் இன்னா?”

“தரேன்னும் சொல்லல.”

அவள் கோபமாகத் திரும்பினாள். நாலு மாதமாக வயிற்றைக் காயப்போட்டிருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் வார்த்தைக்காக உள்ளே தேடியபோது, அவன் சொன்னது நிஜமாக இருந்தது. ஜூடிக்கும் பார்த்துவிடலாமே என்று அம்மாதான் டாக்டரிடம் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது. பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னதும் அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஜூடி அவளைத் தூக்கி நிறுத்தினாள். ரெஜி வீடியோவில் வந்து, “உன் இஷ்டம் ஜூடி,” என்றான். டாக்டர் உங்கள் இஷ்டம் என்றார். ராமசெல்வியும் அதையே சொன்னாள். எல்லாரும் அந்த இஷ்டத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதைத் தேடி எடுப்பதற்குள் எடை குறைக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு பசி வந்துவிட்டது, வேறெதற்கும் இடமில்லை.

“நீயும் கேக்கலியேடா,” என்றாள்.

“எப்டி கேப்பேன்? செல்லு சார்ஜரா கேக்கறதுக்கு?”

“சோறு துன்னாம கெடக்கறனே, அது யாருக்காவாம்?”

“எனுக்காவதான்.” அவன் கையிலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டான். “ஆனா நீ அடுப்பாண்ட நின்னுக்கினு துன்றியே, அதுவும் எனுக்குத் தெரியும். அத்தப் பாக்க சொல்ல எனுக்குக் கோவம் வரணும்ல? வர்ல. நிம்மதியாகீது. ஒவ்வொரு கிலோவா நீ எறங்க எறங்கதான் எனுக்கு பயமாகீது. பொழைக்கணும்னு ஆசை கீது, உன்னத் தொடக் கூடாதுன்னும் கீது. ஒண்ணியும் புரியல யக்கா.”

ஒரு அலை பாறைகளுக்குள் புகுந்து, உள்ளேயே சுற்றித் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் வெளியே போனது. ஜூடிக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து, மீதியிருந்த சுற்றை நடந்து முடித்தாள்.

*

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ராயபுரத்தில் இறங்காமல் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். தள்ளுவண்டிக்காரனிடம் ஒரு தட்டு அத்தோ சொன்னாள். பத்து நிமிடம் பொறுக்கவில்லை. யாருக்கும் ஒளியவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாலு மாதமாக உள்ளே ஒரே பேரைச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரலுக்கு முதல் வாயை ஊட்டினாள்.

புளிப்பு இருந்தது. காரம் இருந்தது. பொரித்த வெங்காயம் பல்லுக்குக் கீழே நொறுங்கியது. எல்லாம் முறைப்படி இருந்தும் யாரோ பக்கத்து ஊரில் சாப்பிடுவதுபோல இருந்தது. இரண்டாம் வாய், மூன்றாம் வாய். நான்காவதை எடுத்த கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். உள்ளே யாரும் கேட்கவில்லை. பசி போய்விட்டிருந்தது.

அன்றைக்குப் போனதுதான், திரும்பி வரவில்லை. யார்டில் பெட்டிகள் வெறும் பெட்டிகளாக நின்றன. அரைக் கப் சோற்றில் பாதி மிஞ்சியது. காலையில் எழுந்ததும் அவள் பசியைத் தேடிப் பார்ப்பாள், சத்தம் போட்டுக்கொண்டே இருந்த குடித்தனக்காரர் காலிசெய்துவிட்டுப் போன பிறகு அந்த அறையை எட்டிப் பார்ப்பதுபோல. அங்கே இப்போது வேறு ஏதோ இருந்தது. இடது விலாவுக்குக் கீழே கை தானாகவே போயிற்று. இடது பக்கத்தைத்தான் எடுப்பார்கள் என்று ஜூனிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தை அவள் இதுவரை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு சூடு இருந்தது. அது அவளுடையதாக இருந்தது.

இதைப் பயம் என்று சொல்வதா? அப்படியானால் இத்தனை நாள் தூக்குக்குள் கரண்டியை விட்டது பசியா, இதுவேதானா? ஜெரி செத்துப்போவதாக நினைத்துப் பார்த்தாள். மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. சரி, அப்படியென்றால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். உடனே கை விலாவுக்குக் கீழே போயிற்று. இரண்டு பக்கமும் கதவு இருக்கும் ரயில் பெட்டியில் எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று தெரியாமல் நடுவில் நிற்பவளைப் போல அவள் மீதி நாட்களைக் கழித்தாள்.

*

எடை பார்க்கும் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பேரும் போனார்கள். ஞானபாக்கியம் வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினாள். தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், “எல்லாம் நல்லபடியா நடக்குது, நீங்களே பாருங்க,” என்று கேட்காமலேயே சொன்னாள். ஜெரி மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தான். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, ராமசெல்வி ஜூடியை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க.”

ஏறினாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்றன. அறுபத்தொன்பது நானூறு.

“அடி சக்கை,” என்றாள் ராமசெல்வி. “போன மாசம் வரும்போது உங்க மூஞ்சியப் பாத்து, இந்தப் பிள்ளைக்கு நடக்காதுன்னுதான் நெனச்சேன். பத்து கிலோ கொறச்சுட்டீங்களே. எப்படிச் சமாளிச்சீங்க?”

“தெர்ல மேடம். பசி நின்னு போச்சு.”

“அதுவும் நல்லதுக்குத்தான். ஒக்காருங்க.” அவள் ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். “இன்னைக்கே கமிட்டிக்கு அனுப்பிருவோம். உங்க தம்பிக்கும் இனிமே தாமசம் பண்ணக் கூடாது. தேதி கெடச்சா நவம்பர் கடைசிக்குள்ள ஆயிரும். ஒண்ணே ஒண்ணு, கடைசியா ஒருக்கா தனியாக் கேக்கணும்னு விதி. எல்லாருகிட்டயும் கேக்கதுதான், பயப்படாதீங்க. யாரும் வற்புறுத்தலயே? உங்க இஷ்டத்தோடதானே கொடுக்கீங்க?”

கதவின் பாதி மங்கல் கண்ணாடி. அதன் மேல் ஜெரியின் தலையின் நிழல் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அம்மாவின் நிழல் எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. ஆமாம் என்பது ஜூடியின் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. அது பொய்யில்லை. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது, அதுவும் பொய்யில்லை. நாலு மாதமாக ஒரு எண் அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது விலகி நின்றுகொண்டு, இனி நீயே சொல் என்றது.

ராமசெல்வி பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டாள். எடை என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே இருந்த கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பேனா அதை நோக்கிப் போனது.

“மேடம்,” என்றாள் ஜூடி.

பேனா நின்றது. ராமசெல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“எழுபத்தொண்ணுன்னு போட்டுக்கறீங்களா? இந்த ஒரு தடவைக்கு மட்டும்.”